கதவுக்கு வெளியே அப்பா

என் மாமா எடுத்த ஒரே படத்தில் எனக்கு அப்பாவாக நடித்தவர் ரொட்டிக்கார பாய். ஆனால் அந்தப் படத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பாயைப் பார்க்க முடியாது. முகம் மட்டுமல்ல, அவருடைய நிழல்கூட எங்கும் விழாது. மோட்டார் சைக்கிள் ஒன்று தூரத்திலிருந்து வரும் சத்தம் கேட்கும். வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டே எங்கள் செம்பனைத் தோட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று மாமா இன்றும் சொல்வார். மாமா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனால் படம் போட்டுக் காட்டிய அன்றைக்குத் தோட்டத்து மண்டபம் அப்படியே அடங்கிப்போனது உண்மை.

இப்போது எனக்குச் சோறு போடுவது அந்த மாதிரிச் சத்தங்கள்தான். கோலாலம்பூரில் தொலைக்காட்சி நாடகங்களுக்கு ஒலி சேர்க்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். திரையில் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியே தண்ணீர் விழும் சத்தம், பள்ளிவாசல் பாங்கு, பக்கத்து வீட்டில் கடுகு வெடிப்பது எல்லாம் நான் வைப்பவை. வைத்தால் அந்த இரண்டு பேருக்கும் ஓர் ஊர் கிடைத்துவிடும். வைக்காவிட்டால் அவர்களுக்கு இரண்டு நாற்காலிதான். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லிவிடுவேன். அதைச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

மாமா படம் எடுத்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போகும் மண்சாலையின் கோடியில் எங்கள் தோட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. அம்மா உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போவார். அப்பா லோரி ஓட்டுபவர். கலும்பாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். முதலில் சம்பளம் போட்ட வாரங்களில் வந்து போனார். வரும்போது மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலம் கொண்டுவருவார். பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தார். பிறகு வரவில்லை.

கலும்பாங்கில் அவருக்கு வேலை மட்டும் இல்லை, ஒரு வீடும் இருந்தது, அந்த வீட்டில் ஒரு பெண்ணும் இருந்தார் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். குழாயடியில் அம்மா குடத்தை இறக்கியதும் பேச்சு மழையின் பக்கமோ விலைவாசியின் பக்கமோ திரும்பிவிடும். தெரியாத ஒரே ஆள் நான். யாராவது என் அப்பாவைப் பற்றிக் கேட்டால், கலும்பாங்கில் ரொம்ப வேலை, லீவே கொடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வேன். கேட்டவர்கள் கையில் பிஸ்கட்டோ மிட்டாயோ இருந்தால் அது உடனே என் கைக்கு மாறிவிடும். அப்பா வெளியூரில் வேலை பார்ப்பதில் இப்படி ஒரு வசதி இருப்பதை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அப்பா போன பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் வந்து படுத்துக்கொண்டார். கோலசிலாங்கூர் டவுனில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் கடையில் வேலை. படம் எடுப்பவர் முதலாளி. விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவதுதான் மாமாவின் பங்கு. மாப்பிள்ளை பெண்ணைவிட அதிக வெளிச்சத்தில் நிற்பவன் நான்தான் என்பார். அந்த வருஷம் தலைநகரில் ஏதோ ஓர் இளைஞர் மன்றம் குறும்படப் போட்டி வைத்தது. மாமாவுக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. முதலாளியைக் கெஞ்சி, கடையில் கிடந்த பழைய கேமராவை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

கதை மாமாவே எழுதியது. பெரிதாக ஒன்றும் இல்லை. வெளியூரில் வேலை செய்யும் அப்பா. வீட்டில் அம்மாவும் மகளும் சாப்பிட உட்காருகிறார்கள். மகள் காலில் போடும் பள்ளிக்கூடச் சப்பாத்து கிழிந்திருக்கிறது. அப்போது அப்பா புதுச் சப்பாத்தோடு வந்து சேருகிறார். மூவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். முடிந்தது.

மகள் வேடத்துக்கு நான் இருந்தேன். அம்மா வேடத்துக்குத் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் வர மாட்டேன் என்றதால் கடைசியில் அம்மாவிடமே வந்து நின்றார் மாமா. அம்மா திட்டினார். தம்பி கேட்டு அம்மா எதையும் மறுத்ததில்லை, திட்டிவிட்டுத்தான் கொடுப்பார் என்பது மாமாவுக்குத் தெரியும். திட்டை வாங்கிக்கொண்டார். மறுவாரம் அம்மா நல்ல சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்.

அப்பா வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் மருமகன் முதலில் ஒத்துக்கொண்டு, தலைமுடிகூட வெட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அவர் மாமியாரே வந்து, அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உடம்பு சரியில்லாதவர் அன்று சாயங்காலம் பந்து விளையாடிக்கொண்டிருந்தார். லோரியில் குலை ஏற்றும் அட்டெண்டன் ஒருவர் சரியென்றார். வரவேண்டிய அன்று வரவில்லை. மாமாவின் சிநேகிதர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாருக்கும் கேமரா என்றால் கூச்சம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். புருஷன் விட்டுப்போன ஒரு பெண்ணின் பக்கத்தில், புருஷனாக, ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? மாமா தானே நடித்திருக்கலாம். ஆனால் அக்காவுக்குத் தம்பி புருஷனாக நடிப்பதைவிடப் படமே எடுக்காமல் இருப்பது மேல். அதோடு கேமராவைப் பிடிக்கவும் ஆள் வேண்டும்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்தே இருந்தது. ஒவ்வோர் ஆளும் கைவிரித்தபோது மாமாதான் கத்தினார். அம்மா காய்ந்த சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள் நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது கேட்டது. ஓர் இருமல். சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம். நாங்கள் இருவரும் வாசல் பக்கம் திரும்பினோம். உள்ளே வந்தது மாமா. முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு பேரும் எங்க பாத்தீங்க?"

"வாசலத்தான். வேற எங்க பாக்கறது?" என்றார் அம்மா.

"அவ்வளவுதாங்கா. ஜனமும் அங்கதான் பாக்கும். அப்பாவக் காட்டவே வேணாம் லா. வாராருன்னு கேட்டா போதும்."

அப்போது மாமா சொன்னது அரைகுறையாகத்தான் விளங்கியது. இப்போது யோசித்தால், ஆள் கிடைக்காத வயிற்றெரிச்சலில் அவர் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். கேமராவுக்குத் தெரியப்போவது தரையில் விரித்த ஒரு பாய், இரண்டு தட்டு, சோற்றுப் பானை, நான், அம்மா, பின்னால் நாள்காட்டி தொங்கும் பலகைச் சுவர். கதவு அதற்குள் வராது. வாசல் வராது. சாலை வராது. அதையெல்லாம் பார்க்கிறவர்கள் காதாலேயே கட்டிக்கொள்வார்கள். நான் திரும்பும் பக்கத்தில் கதவு இருக்கும்; சத்தம் தேய்ந்து வரும் தூரத்துக்குச் சாலை நீளும்.

அதற்குப் பிறகு மாமா சத்தம் பிடிக்கக் கிளம்பினார். தனி மைக் கிடையாது. கேமராவை எடுத்துக்கொண்டு போய், அதன் கண்ணை மறைக்கும் மூடியைக் கழற்றாமல் அப்படியே ஓடவிடுவார். பழக்குலை ஏற்றிய லோரி பள்ளத்தில் இறங்கி ஏறுவது, மலாய்க்காரர்கள் வாழும் கம்பத்துப் பக்கமிருந்து காற்றில் வரும் பாங்கு, தகரக் கூரையில் கோழி நடப்பது எல்லாவற்றையும் அப்படித்தான் பிடித்தார். மூடியைக்கூடக் கழற்றத் தெரியாதவன் படம் எடுக்கிறான் என்று லயமே சிரித்தது. மாமா அடுத்த சத்தத்தைத் தேடிப் போனார். நான் அவர் பின்னாலேயே போய், சிரித்தவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்க ஆரம்பித்தோம். என்னால்தான் கெட்டது. மோட்டார் சத்தம் கேட்டதும் நான் திரும்ப வேண்டும். மாமாவின் சிநேகிதர் ஒருவர் வெளியே தன் மோட்டாரை முறுக்கினார். சத்தம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியுமாதலால், வருவதற்கு முன்பே திரும்பிவிடுவேன். "சத்தம் வந்த பொறவு திரும்பு பாப்பா" என்று மாமா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். அடுத்த தடவை பயத்தில் திரும்பவே இல்லை. சிநேகிதருக்கும் பொறுமை போய் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ரொட்டிக்கார பாயின் ஹாரன் கேட்டது. பாய் தினமும் பிற்பகலில் மோட்டாரின் பின்னால் பெட்டி கட்டி, சுற்றிலும் ரொட்டிப் பொட்டலங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். நான் மோட்டார் சத்தம் கேட்டு, கையில் எடுத்த சோற்றோடு, வாயெல்லாம் பல்லாகத் திரும்பினேன். மாமா கேமராவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே ஓடினார்.

பாய் முதலில் தயங்கினார். "என் மொகம் தெரியாதுல்ல தம்பி? அப்ப சரி லா" என்றார். வளைவிலிருந்து மெதுவாக வரவேண்டும், வாசலில் இன்ஜினை அணைக்கவேண்டும், ஸ்டாண்டைப் போடவேண்டும், இவ்வளவுதான். பிறகு அம்மா போய்க் கதவைத் திறந்து, பாயின் மோட்டாரில் தொங்கும் சப்பாத்துப் பையை வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார். யாராக நடிக்கவேண்டும் என்று பாய் கேட்டார். இந்த வீட்டு ஆம்பளையாக என்றார் மாமா. பாய் உள்ளே எட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கைதவறி அடித்துவிடக் கூடாது என்று ஹாரனைச் சுற்றிக் கட்டினார்.

கதவைச் சும்மா சாத்தி வைத்திருந்தோம். லயத்தில் பகலில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. அம்மா எனக்குச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினார். நான் கிழிந்த சப்பாத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். வளைவில் மோட்டார் சத்தம் கேட்டது. இந்த முறை பாயின் மோட்டார் என்பதால், ரொட்டி ஞாபகம் வந்து, நன்றாகவே திரும்பினேன். சத்தம் கிட்ட வந்தது. இன்ஜின் அடங்கியது. ஸ்டாண்ட் கல்லில் உரசி விழுந்தது.

அம்மா சிரிக்கவேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அம்மா சிரிக்கவில்லை. சோற்றுக் கையைத் தட்டின் ஓரத்தில் வழித்தார். பிறகு எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுவரை நடந்தார். கதவின் மேல் இடது கையை வைத்தார். வலது புறங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டார்.

துருப்பிடித்த இரும்புத் தாழ்ப்பாள். 'டக்' என்று விழுந்தது. நான் கையில் சோற்றோடு அம்மாவையே பார்த்தேன். வெளியே பாய் காத்திருந்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார். அம்மா திரும்பி வந்து உட்கார்ந்து என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே இன்ஜின் கிளம்பியது. போயிற்று. அடுத்த லயத்துக்குப் போய்த் துண்டை அவிழ்த்துவிட்டார் போல. தூரத்தில் ஹாரன் கேட்டது.

மாமா கேமராவை நிறுத்தவே இல்லை. நிறுத்த மறந்துவிட்டார்.

முதலில் அழுதது நான். அம்மா தப்பாகச் செய்துவிட்டார், கதவைத் திறக்கவேண்டிய இடத்தில் மூடிவிட்டார், என் சப்பாத்து போய்விட்டது என்று அழுதேன். சப்பாத்து உண்மையாகவே போய்விட்டிருந்தது; பை பாயின் மோட்டாரில் தொங்கிக்கொண்டே போயிற்று. மறுநாள் அவர் கொண்டுவந்து கொடுத்தார். கதவு திறக்கவில்லை, வேறு மாதிரி முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துப் போய்விட்டேன் என்று மாமாவிடம் சொன்னாராம்.

அம்மா மாமாவைப் பார்க்காமல், "கை அப்படிப் போயிருச்சி தம்பி. பாய் வந்தா மறுபடி எடுத்துக்க" என்றார்.

மாமா கேசட்டைப் பின்னால் ஓட்டி, கேமராவின் குட்டித் திரையில் பார்த்தார். நானும் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா வரவில்லை, தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். மாமா பார்த்து முடித்துவிட்டு, கேமராவை மெதுவாகத் துணியில் சுற்றினார். "வேணாங்கா. இதுவே இருக்கட்டும்" என்று பின்பக்கம் பார்த்துச் சொன்னார். அங்கிருந்து தண்ணீர் விழும் சத்தம்தான் வந்தது.

அந்தக் கதையை ஏன் அப்படி எழுதினீர்கள் என்று பல வருஷம் கழித்து மாமாவிடம் கேட்டேன். அம்மாவை அப்படி ஓர் இடத்தில் உட்கார வைத்தது எனக்கு வளர்ந்த பிறகு கோபமாக இருந்தது. மாமா தலையைச் சொறிந்தார். "நீ கேட்டுக்கிட்டே இருந்த லா, அப்பா எப்ப வருவாருன்னு. நெசத்துலதான் வரல, படத்துலயாவது வரட்டுமேன்னு எழுதுனேன்" என்றார். அதற்கு மேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை.

கடையில் படத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. கதவுதான் படத்தில் தெரியாதே. அம்மா எழுந்து போகிறார், 'டக்' என்று ஒரு சத்தம், திரும்பி வருகிறார். கடையில் பார்த்த ஒருவர், கதவு திறந்ததே, ஆள் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டுவிட்டார். மூடியதென்று தெரியவேண்டுமானால் வெளியிலிருந்து யாராவது தட்டவேண்டும். மாமா தட்டிப் பார்த்தார். போலீஸ் வந்தது மாதிரி இருந்தது. தட்டுவது அப்பா இல்லையா, அப்பா இப்படித் தட்டமாட்டார் என்று நான் சொன்னேன். எப்படித் தட்டுவார் என்று மாமா கேட்டார்.

எனக்கு அது நன்றாகத் தெரியும். அப்பா விரலை மடக்கி, மோதிரம் பலகையில் படும்படி, முதலில் ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு, சேர்ந்தாற்போல இரண்டு. மாமா தன் மோதிரத்தைக் கழற்றி என் கட்டைவிரலில் மாட்டினார். அப்போதும் பெரிதாகத்தான் இருந்தது. கேமராவை மூடியோடு உள்ளே கதவருகில் வைத்து, என்னை வெளியே நிறுத்திக் கதவைத் தாழிட்டார். அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

நான் தட்டினேன். முதலில் ஒன்று. பிறகு இரண்டு.

உள்ளே பின்பக்கத்தில் வாளி உருண்டது. யாரோ சமையல்கட்டு வழியாக வேகமாக வரும் காலடி கேட்டது. ஈரக் கால் சிமெண்டுத் தரையில் வழுக்கி, மறுபடி ஊன்றி, நேரே கதவை நோக்கி வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. கதவு திறக்கவில்லை. பிறகு மாமாவின் குரல், மிகவும் தாழ்வாக: "பாப்பாதாங்கா."

நான் வெளியே நின்றுகொண்டு, நன்றாகத் தட்டினேனா, இன்னொரு தடவை தட்டவா என்று கேட்டேன். கதவு திறந்தது. அம்மா நின்றார். முழங்கைவரை சவர்க்கார நுரை. முதலில் என் தலைக்கு மேலே பார்த்தார், சாலை பக்கம். அப்புறம் குனிந்து என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்து மோதிரத்தைக் கழற்றினார். நுரைக் கையில் அது வழுக்கியதால் கழற்ற நேரமானது.

"சரியா தட்டுனேனாம்மா?"

"சரியாத்தான் இருக்கு" என்றார் அம்மா. மாமாவிடம் மோதிரத்தைக் கொடுத்துவிட்டு, "இதயே வச்சிக்க" என்று சொல்லிப் பின்பக்கம் போனார்.

அந்தக் கேசட்டில் தட்டலோடு அம்மாவின் காலடிச் சத்தமும் பதிவாகியிருந்தது. மாமா அதைப் படத்தில் சேர்க்கவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் சொன்னேன். அது படத்துக்குச் சேர்ந்ததில்லை என்றார்.

போட்டிக்கு அனுப்புவதற்கு முன் தோட்டத்து மண்டபத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கோயில் திருவிழா முடிந்த மறுநாள், தோரணம்கூட அவிழ்க்கவில்லை. வெள்ளைத் துணி கட்டி, கடையிலிருந்து படம் காட்டும் பெட்டியும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்திருந்தார் மாமா. அம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, பெண்கள் பக்கத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. நான் முன்னால் பாயில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அடுத்து, முழங்கால் வலி என்று தூணில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தவர் மண்டோர் வீட்டுப் பெரியம்மா. மருமகனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்.

படம் ஆரம்பித்ததும் எல்லாரும் கேலி செய்தார்கள். என் முகம் அத்தனை பெரிதாகத் தெரிந்தபோது என் வகுப்புப் பையன்கள் விசிலடித்தார்கள். நாள்காட்டி எந்தக் கடையுடையது என்று ஒருவர் சத்தமாகப் படித்தார். பிறகு வளைவில் மோட்டார் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி பக்கவாட்டில் இருந்ததால், மண்டபத்தில் பல தலைகள் வாசல் பக்கம் திரும்பின. யாரோ வருகிறார்கள் என்று ஒரு பெரியவர் காலை மடக்கி வழிவிட்டார். திரும்பியவர்கள் மறுபடி திரையைப் பார்த்தபோது அம்மா எழுந்துகொண்டிருந்தார். திரையைவிட்டு வெளியே நடந்தார். என் முகம் மட்டும் நின்றது. 'டக்'.

விசிலடித்த பையன்களும் அடங்கினார்கள். தட்டல் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு இரண்டு. நான் தாழ்ப்பாளைப் பார்த்துத் திகைத்த முகம், மாமா ஒட்டியதில், அந்தத் தட்டலைக் கேட்டுத் திகைத்த முகமாக மாறியிருந்தது. அம்மா திரும்பி வந்து உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டார். வெளியே மோட்டார் கிளம்பிப் போனது. அது தேய்ந்து மறையும்வரை மாமா வெட்டாமல் விட்டிருந்தார். அம்மா சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தாங்கவில்லை. இந்த ஜனங்களுக்கு உண்மை தெரியாதே என்று இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியம்மாவின் சேலையை இழுத்துச் சொன்னேன்: "தட்டுனது எங்கப்பா இல்ல பெரியம்மா. நான்தான் தட்டுனேன்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய பெண்ணான என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கிக்கொண்டார். திரை மறைந்துபோனது. என் பெயர் வரும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் நெளிந்தேன்.

விளக்கு போட்டதும் யாரும் கைதட்டவில்லை. மாமா ஒலிபெருக்கியின் ஒயரைச் சுருட்டுவதுபோலக் குனிந்தே இருந்தார். பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலிகளை விலக்கி, அம்மாவிடம் போனார். மற்றப் பெண்களும் மெதுவாகச் சுற்றி வந்தார்கள். படம் நன்றாக இருந்ததா இல்லையா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பெரியம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நாளைலேருந்து எங்க கூடவே வேலைக்கு வா. ஒத்தையில போவாத" என்றார். அம்மா சரியென்று தலையசைத்தார். ஒரு பெண் அம்மாவின் தோளில் சரிந்த சேலையை எடுத்துச் சரியாகப் போட்டார். வேலைக்கு எந்த வழியாகப் போவது என்பதைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் ஏன் பேசுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

போட்டியில் மாமாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா கதாபாத்திரம் தெளிவாக இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

படம் போட்ட அன்று மண்டபத்திலிருந்து நானும் அம்மாவும் செம்பனை ஓரமாக நடந்து வந்தோம். மாமா சாமான்களைக் கட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டார். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அவ்வளவு நன்றாகத் தட்டியும் கதவு திறக்கவில்லையே.

"அடுத்த படத்துலயாவது அப்பாவ உள்ள விடுவீங்களாம்மா?"

அம்மா நடந்துகொண்டே இருந்தார். வீடு தெரிய ஆரம்பித்தபோது சொன்னார்: "அப்பா வந்தா நீ போய்த் தொற. நான் தடுக்க மாட்டேன்."

அடுத்த படத்தில் கதவைத் திறக்கும் வேடம் எனக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. அம்மா தன் வேடத்தையே எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். சந்தோஷத்தில் அம்மாவின் கையை உதறிவிட்டு, முன்னால் ஓடிப்போய் வாசலில் நின்று, கதவைத் திறப்பதுபோலப் பழகிப் பார்த்தேன்.